பதவி முத்திரை

டோர்செட் பார்க்
12 ஜனவரி 2009

பொருளாளர் திருமதி யூஜினி அவர்கட்கு,

வோபர்ன் தமிழ்ப் பள்ளிச் சபையின் செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். நாலு வருடமாக, "யூஜினி, அந்தச் செக் புத்தகத்தையும் கொண்டு வாங்கோ" என்று போனில் சொல்லி வந்தவன் இன்றைக்கு 'அவர்கட்கு' போட வேண்டி வந்துவிட்டது. சனிக்கிழமைக் கூட்டத்தில் நாங்கள் இரண்டு பேரும் பிள்ளைகளுக்கு முன்னால் கத்திய கத்தலுக்குப் பிறகு, செயலாளரும் பொருளாளரும் காசு விடயத்தை இனி எழுத்தில் மட்டும் பேசவேண்டும் என்று சபை தீர்மானித்தது. நீங்கள் அதற்கிடையில் காரை எடுத்துக்கொண்டு விட்பியிலுள்ள உங்கள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

மற்றத் தீர்மானங்களையும் அறியத் தருகிறேன். வகுப்பறை வாடகை கூடிவிட்டதால் ஒரு குடும்பம் வருடத்துக்குக் கட்டும் எண்பது டொலர் இனி நூற்றிருபது. பெற்றோர் அதை வரி என்றுதான் சொல்கிறார்கள். வரி என்றால் யார் சிரித்துக்கொண்டு கட்டுவார்கள்? அது போகட்டும்.

எனக்கு விளங்காதது இரண்டாவது விடயம். எங்கள் கட்டட நிதி வங்கியில் சும்மா கிடக்கிறது. அதில் பன்னிரண்டாயிரத்தை ஊரில், வன்னியில் யுத்தத்தால் இடம்பெயர்ந்திருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவோம் என்றேன். இருநூற்றிப் பன்னிரண்டு பிள்ளைகள் மரத்தடியில் படிக்கிறார்கள். கூரைக்குத் தறப்பாள், எழுதக் கொப்பி, மதியத்தில் ஒரு நேரக் கஞ்சி, இவ்வளவுதான் பள்ளிக்கூட அதிபர் கேட்டது. கொப்பித்தாளில் எழுதி, ஒரு பாதிரியார் கையில் கொடுத்து, கொழும்பு வழியாக அந்தக் கடிதம் மார்கழியில் வந்து சேர்ந்தது. பாதிரியாரின் ஆட்கள் இப்போதும் சாமான் கொண்டு போகிறார்கள். எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

அந்த அதிபர் அருள்நாயகம் உங்கள் கூடப்பிறந்த அண்ணா. எல்லோருக்கும் முன்னால் எழும்பி 'முடியாது' என்றவர் நீங்கள். காரணத்தை எழுத்தில் தரவும்.

தியாகலிங்கம்
செயலாளர்


விட்பி
16 ஜனவரி 2009

செயலாளர் தியாகலிங்கம் அவர்கட்கு,

காரணம் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் சபைச் சட்டமான யாப்பின் ஒன்பதாம் சரத்து. வெளியார் எவருக்கும் பணம் கொடுப்பதென்றால், கேட்பவரின் கையெழுத்தோடு பதவி முத்திரையும் வைத்த கடிதம் வேண்டும். 2005இல் நான் எழுதினேன். நீங்கள் எழுத்துப்பிழை பார்த்துத் தந்தீர்கள்.

ஏன் எழுதினோம் என்பதும் உங்களுக்குத் தெரியும். எனக்கு முன் பொருளாளராக இருந்த செல்வரட்ணம் அண்ணை சுனாமிக் காசைத் தன் ஊருக்கு அனுப்பினார். அனுப்பியதும் உண்மை, போய்ச் சேர்ந்ததும் உண்மை. கையில் ஒரு துண்டு இல்லை. சொந்தக்காரருக்குச் சுருட்டிக் கொடுத்துவிட்டார் என்று ஊரெல்லாம் கதைத்தது. அந்த மனிதர் இன்றைக்கும் தமிழ்க்கடைக்கு வருவதில்லை. மனைவியைத்தான் அனுப்புகிறார்.

நீங்கள் கத்திக்கொண்டிருந்ததால் உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குப் பின்னால் இருந்த நவரட்ணம் அண்ணை சொன்னார்: "எங்கடை வரிக்காசோ அவவின்ரை தமையனுக்கு?" அவர் இரண்டு இடத்தில் வேலை செய்து மூன்று பிள்ளைகளுக்குக் கட்டுகிறார். அவர் கேட்கலாம்.

வேறு யாருடைய அண்ணாவாக இருந்தால் உங்களைவிடப் பெரிதாக நானே கத்தியிருப்பேன். என் அண்ணா என்றபடியால் முடியாது. நான் என் சொந்தக் காசு அனுப்பாமல் இருக்கிறேன் என்றும் நினைக்கவேண்டாம். அனுப்பினேன். உள்ளே போகாமல் வவுனியாவில் நிற்கிறது. முத்திரை வைத்த கடிதம் வரட்டும், அன்றைக்கே கையெழுத்து வைக்கிறேன்.

யூஜினி
பொருளாளர்


டோர்செட் பார்க்
26 ஜனவரி 2009

யூஜினி,

பட்டம் பதவி எல்லாவற்றையும் இன்றைக்கு விட்டுவிடுகிறேன். சனிக்கிழமை காலை உங்கள் அண்ணாவோடு கதைத்தேன். அங்கே ஒரு செய்மதிப் போன் இருக்கிறதாம். வரிசையில் நின்று எடுத்திருக்கிறார். உங்கள் நம்பர் அகப்படாமல் எனக்கு அடித்தாராம். இரண்டு நிமிடம் கதைக்க விட்டார்கள்.

விசுவமட்டிலிருந்து உடையார்கட்டுக்கு இடம்பெயர்ந்து இரண்டு நாள். அண்ணி சுகம், பிள்ளைகள் சுகம். பள்ளிக்கூடத்துத் தளபாடம் எல்லாம் விசுவமட்டிலேயே விட்டாயிற்று. பிள்ளைகளின் பெயர் எழுதிய இடாப்பை மட்டும் சைக்கிளில் கட்டிக் கொண்டு வந்தாராம். பிள்ளைகள் இருக்கிறார்களோ இல்லையோ இடாப்பு இருக்கிறது என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் காசு விடயம் சொன்னேன். சபைக்குச் சீல் வைத்த கடிதம் வேண்டும் என்றேன். "சீல்தானே, அது அலுமாரியிலை கிடக்கு. எடுத்து அனுப்பிறன்" என்றார். அதோடு லைன் போய்விட்டது.

யூஜினி, அது எப்போது வரும்? ஒரு றப்பர் துண்டுக்காகவா நாங்கள் காத்திருக்கிறோம்? சபையில் ஏழு பேர். நீங்கள் ஒரு சொல் சொன்னால் நாலு பேர் இந்தப் பக்கம் வருவார்கள். செக்கில் என் கையெழுத்தும் உங்கள் கையெழுத்தும் போதும்.

தியாகலிங்கம்


விட்பி
3 பெப்ரவரி 2009

தியாகு அண்ணை,

கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். அண்ணா என்னைப் பற்றி என்ன கேட்டார் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். இரண்டு நிமிடத்தில் ஒன்றுமே கேட்கவில்லையா?

வெள்ளிக்கிழமை நகரத்தில், யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நடந்த மனிதச் சங்கிலிக்குப் போனேன். யூனியன் ஸ்டேஷனுக்கு முன்னால் குளிரில் நாலு மணித்தியாலம். எனக்கு ஒரு பக்கம் ரதி நின்றார். நீங்கள் கண்டும் காணாததுபோல் தள்ளிப்போய் நின்றீர்கள். உங்கள் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க, என்னோடு பேச எழுத்துத்தான் வேண்டும் என்று நீங்கள் அந்தப் பக்கம் நிற்கிறீர்கள். நல்ல சபை, நல்ல தீர்மானம்.

அண்ணா சொன்னால் செய்வார். வேறு ஒருவரையும் நம்பாமல் தானே முத்திரை குத்தி, மை காயும்வரை ஊதிக்கொண்டிருக்கும் மனிதர். கடிதம் வரும். அதுவரை நான் என் வாயால் 'கொடுங்கள்' என்று சொல்லமாட்டேன். பெப்ரவரி 28 பொதுக்கூட்டத்தில் பெற்றோர் வாக்களிக்கட்டும். அவர்கள் காசு, அவர்கள் சொல்லட்டும்.

அவருக்குத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்களா? நான் ஒவ்வொரு நாளும் அடிக்கிறேன்.

யூஜினி


டோர்செட் பார்க்
3 மார்ச் 2009

யூஜினி,

பதிவுக்காக எழுதுகிறேன். 28ஆம் தேதி வாக்கெடுப்பில் அனுப்பச் சொல்லி முப்பத்தொருவர், வேண்டாம் என்று ஐம்பத்தெட்டுப் பேர். வரியைக் கூட்டிய கையோடு காசை வெளியே அனுப்புகிறோம் என்றால் யார் கை தூக்குவார்கள்? அதை நான் விளங்கிக்கொள்கிறேன். அவர்கள் வீட்டிலும் அழுகைதான். எல்லோரும் தங்கள் தங்கள் ஆட்களுக்கு அனுப்பி வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

ஆனால் நீங்கள் பேசியது. பதினொரு நிமிடம். ஒரு சொல் தடக்கவில்லை. "என்ரை அண்ணை எண்டதுக்காகச் சட்டம் வளையக்கூடாது" என்றீர்கள். கை தட்டினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் கலைவிழாவுக்குக்கூட அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்கவில்லை. நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இருபது வாக்காவது மாறியிருக்கும்.

உங்களில் எனக்கு இப்போது கோபம்கூட இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

தியாகலிங்கம்


விட்பி
22 ஏப்ரல் 2009

தியாகு அண்ணை,

இதற்குள் பன்னிரண்டாயிரத்துக்கு ஒரு செக் இருக்கிறது. என் கையெழுத்து வைத்துவிட்டேன். நீங்களும் வைத்துப் பாதிரியாரின் ஆட்களுக்கு அனுப்புங்கள். கடிதம் வரவில்லை. வாக்கும் எதிராகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரியும். கேட்டால் பொருளாளர் தன் இஷ்டத்துக்குச் செய்தாள் என்று சொல்லுங்கள். என்னைப் பதவியிலிருந்து கலைக்கட்டும், வழக்குப் போடட்டும்.

திங்கட்கிழமை யுத்தத்துக்குள்ளிருந்து ஆயிரக்கணக்கான சனம் வெளியே வந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். முகம் முகமாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வேலைக்குப் போகவில்லை. இரண்டு தரம் அண்ணாவைக் கண்டேன். இரண்டு தரமும் வேறு யாரோ.

போன சனிக்கிழமை வகுப்புக்கு நூற்றி நாற்பதில் பதினெட்டுப் பிள்ளைகள். மற்றவர்கள் பெற்றோரோடு யூனிவர்சிட்டி அவெனியூப் போராட்டத்தில் இருக்கிறார்கள். வரி கட்டவேண்டிய கடைசித் தேதி என்று நான் ஒட்டிய அறிவித்தல் கதவில் அப்படியே தொங்கியது. கிழித்துப் போட்டேன்.

வெளியே வந்த சனத்துக்கு முகாமில் பால்மா வேண்டும், உடுப்பு வேண்டும். அண்ணா வந்திருந்தால் தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத்தான் முதலில் தேடுவார். இடாப்பு அவரிடம் இருக்கிறதே. கெதியாக அனுப்புங்கள்.

யூஜினி


டோர்செட் பார்க்
27 ஏப்ரல் 2009

அன்புள்ள யூஜினி,

செக்கைத் திருப்பி அனுப்புகிறேன். குறை நினைக்கவேண்டாம். பாதிரியாரின் ஆட்களுக்கு இப்போது வழி இல்லை. முகாமுக்குள் அவர்களை விடுவதில்லையாம். நீங்கள் சபைக்கு முன்னால் அவமானப்படுவதால் இப்போது யாருக்கும் ஒன்றும் வரப்போவதில்லை.

நீங்கள் வேலைக்குப் போங்கள். வீட்டில் தனியே இருந்து தொலைக்காட்சி பார்க்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ரதி சாப்பாடு செய்துகொண்டு வருவார். நான் வரவில்லை. எனக்கு இடுப்பு நோ.

வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

தியாகு


விட்பி
22 மே 2009

தியாகு அண்ணை,

அண்ணா இல்லை. ரதி சொல்லியிருப்பார். புதன்கிழமை அண்ணி முகாமிலிருந்து வேறொருவரின் போனில் கதைத்தார். அண்ணா தையிலேயே போய்விட்டாராம். ஜனவரி 25. நாலு மாதமாக நான் அவருக்குப் போன் அடித்திருக்கிறேன்.

இந்த நாட்களில் தங்கள் ஆட்களைப் பற்றிக் கேள்விப்படாத வீடு ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் வந்ததில்லை என்று தெரியும். ஆனால் ஒன்று இடிக்கிறது. விசுவமட்டு வீதியில் ஷெல் விழுந்து என்று அண்ணி சொன்னார். உங்களோடு 24ஆம் தேதி கதைக்கும்போது அவர் உடையார்கட்டில் இருந்தார். எல்லோரும் விட்டு ஓடி வந்த இடத்துக்கு அடுத்த நாள் ஏன் திரும்பிப் போனார்? அண்ணியிடம் கேட்டேன். "அதை விடு யூஜினி, நீ சாப்பிட்டியே" என்றார். முகாமில் இருக்கிறவர் என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிறார்.

அவரோடு கடைசியாகக் கதைத்த வெளி ஆள் நீங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். இடுப்பு நோ என்று எழுதவேண்டாம்.

யூஜினி


டோர்செட் பார்க்
27 மே 2009

யூஜினி தங்கச்சி,

எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து ஐந்து நாள். நீங்கள் கேட்டுவிட்டீர்கள். இனி மறைக்க எனக்கு உரிமை இல்லை.

உங்கள் அண்ணாவோடு படிப்பித்த கிறிஸ்துநாயகம் மாஸ்டர் ஷெல்லில் கால் போய், காயக்காரரை ஏற்றும் கப்பலில் திருகோணமலை ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஏப்ரல் 8ஆம் தேதி அங்கிருந்து எனக்குப் போன் எடுத்தார். உங்கள் செக் வந்தபோது எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் வழி இல்லை என்று எழுதினேன்.

அண்ணா முத்திரையை எடுக்கப் போனார். நான் போன் கதைத்த அடுத்த நாள் காலை சைக்கிளை எடுத்தாராம். அண்ணி மறித்திருக்கிறார். மாஸ்டரும் மறித்திருக்கிறார். "தங்கச்சி சும்மா கேக்கமாட்டாள். அவளுக்கு அங்கை ஏதோ கரைச்சல். நான் முறையாக் குடுத்தால்தான் அவளை ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்" என்றாராம். போனவர் வரவில்லை. மறுநாள் தேடிப்போனவர்கள் வீதியோரத்தில் கண்டு அங்கேயே அடக்கம் செய்தார்கள். போகும் வழியிலா வரும் வழியிலா என்று மாஸ்டருக்குத் தெரியவில்லை. உங்களுக்கு இதைச் சொல்லவேண்டாம் என்று அண்ணி அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

இன்னொன்று. சபைக்குச் சீல் வேண்டும் என்று சொன்னதாக உங்களுக்கு எழுதினேன். நான் சொன்னது அப்படி இல்லை. உங்களில் இருந்த கோபத்தில், "உங்கடை தங்கச்சிதான் சீல் கேட்டு மறிக்கிறா" என்று சொன்னேன். ஷெல்லுக்குள் நிற்கிற மனிதரிடம் கோள் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவர் பேசாமல் இருந்திருப்பார். ரதிக்குக்கூட நான் இதைச் சொல்லவில்லை.

ஜூன் 13 பொதுக்கூட்டத்தில் பெப்ரவரி அறிக்கையை வாசிக்கவேண்டும். "விவாதத்தின் பின் பிரேரணை கைவிடப்பட்டது" என்று மட்டும் எழுதியிருக்கிறேன். பெயர் இல்லை, பேச்சு இல்லை. அதை வாசித்துவிட்டு நான் விலகுகிறேன். என்னால் உங்களுக்குச் செய்யக்கூடியது இவ்வளவுதான்.

தியாகு அண்ணை


விட்பி
3 ஜூன் 2009

தியாகு அண்ணை,

உங்கள் கடிதத்தை வீட்டில் ஒருவருக்கும் காட்டவில்லை. எங்கள் வீட்டுக்கு இன்னும் சனம் வருகிறது. யுத்தம் கொண்டுபோனது என்கிறார்கள். ஓம் ஓம் என்று சொல்லித் தேநீர் கொடுக்கிறேன்.

திங்கட்கிழமை நவரட்ணம் அண்ணை வந்தார். வேலை உடுப்போடு, நேரே பஸ்ஸில், மூன்று பஸ் மாறி. அவருடைய தமக்கையின் குடும்பத்தில் ஒருவரும் மிச்சம் இல்லையாம். அண்ணாவின் படத்துக்கு முன்னால் நின்று அழுதுவிட்டு என் தலையில் கை வைத்தார். "பிள்ளை, அண்டைக்கு நீர் சொந்தம் பாராமல் கதைச்சீர். உம்மைப்போலை நேர்மையான ஆள் எங்களுக்கு இனிக் கிடையாது" என்றார். நான் அதற்கும் ஓம் என்றேன். அவர் போனபிறகு குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டுத் தரையில் இருந்தேன்.

அண்ணை, ஒன்பதாம் சரத்தில் பிழை இல்லை. அது வேண்டும். நான்தான் அதற்குப் பின்னால் போய் ஒளித்தேன். நேர்மையால் 'முடியாது' என்று சொல்லவில்லை. செல்வரட்ணம் அண்ணையைக் கதைத்ததுபோல் என்னையும் கதைப்பார்களே என்ற பயத்தில் சொன்னேன். அண்ணா உயிரோடு இருக்கிறார் என்று நம்பிய நாட்களிலும், அவரைவிட என் பெயர்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அவருக்கும் என் பெயர்தான் பெரிதாக இருந்திருக்கிறது.

போனில் நீங்கள் சொன்னதைப் பற்றி: நான் சீல் கேட்டதும் உண்மை, மறித்ததும் உண்மை. நீங்கள் பொய் சொல்லவில்லை. அதை ரதிக்குச் சொல்லுங்கள். தனியே வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். உங்களை நான் மன்னித்தேன் என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை. வரும்போது எழுதுகிறேன்.

விலகவேண்டாம். நானும் விலகவில்லை. நீங்கள் எழுதி வைத்திருக்கும் அறிக்கையை நான் ஏற்கவில்லை. பொருளாளராக என் திருத்தத்தை எழுத்தில் தருகிறேன்: "பணம் அனுப்பும் பிரேரணையை எதிர்த்துப் பேசியவர், பொருளாளர் யூஜினி. அவர் பதினொரு நிமிடம் பேசினார். சபை கைதட்டியது. பிரேரணை தோற்றது." இதில் ஒரு சொல்லும் குறையக்கூடாது. வாசித்து முடிந்ததும் நான் எழும்பி மிச்சத்தைச் சொல்வேன். நவரட்ணம் அண்ணையை முன்வரிசையில் இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

வாசிக்கும்போது, என் பெயர் வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தவேண்டாம்.

யூஜினி